இரத்தச் சர்க்கரை அளவு ஏன் மாறுகிறது? மருத்துவர் லாரன்ஸின் வாழ்க்கை

உங்கள் குளுக்கோமீட்டர் காலையில் 128 என்றும் மாலையில் 176 என்றும் காட்டினால், கருவி பழுது என்றோ நோய் முற்றிவிட்டது என்றோ உடனே முடிவு செய்ய வேண்டாம். இம்மாறுபாட்டைத் தம் உடலிலேயே ஆராய்ந்த ஒரு மருத்துவரை அறிந்துகொள்ளுங்கள்.

ராபர்ட் டேனியல் லாரன்ஸ் 1892இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பிறந்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றியபோது, பயிற்சிக்காகச் சடலத்தின் காதெலும்பைச் செதுக்கினார். தெறித்த எலும்புத் துணுக்கு கண்ணில் பட்டு நோய்த்தொற்று உண்டாயிற்று. அதற்கான பரிசோதனையில்தான் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இன்சுலின் இல்லாத காலம் அது. அரைப்பட்டினி உணவே மருத்துவம். குடும்பத்தார் கண்ணெதிரே இறக்க விரும்பாமல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குச் சென்று, அங்கும் நோயாளிகளைக் கவனித்தார். 1923இல் இன்சுலின் கிடைத்துவிட்ட செய்தி நண்பரிடமிருந்து வந்தது. நலிந்த உடலுடன் தாமே காரோட்டி லண்டன் திரும்பி, மே 31 அன்று முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார்.

உயிர் பிழைத்தவர் ஓயவில்லை. ஒரே அளவு இன்சுலினை ஓய்வாக இருக்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் செலுத்தி இரத்தச் சர்க்கரையை ஒப்பிட்டார். உழைக்கும் தசைகள் இன்சுலினின் விளைவைப் பெருக்குகின்றன என்று 1926இல் வெளியிட்டார். தோட்ட வேலை செய்த நாளில் உங்கள் அளவு இறங்குவதற்கும் இதுவே காரணம்.

அன்று வீடுகளில் இரத்தப் பரிசோதனை இல்லை. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் காய்ச்சி, நீலமா பச்சையா செங்கல் நிறமா என்று பார்ப்பர். அது சில மணி நேரத்திற்கு முந்தைய நிலையையே காட்டும். சர்க்கரை தாழ்ந்தால் காட்டவே காட்டாது. (அதனோடு ஒப்பிட்டால் இன்றைய கருவி பெரும் வரமே.) எனினும் கருவிக்கும் வரம்பு உண்டு. பன்னாட்டுத் தரநிலையே 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை வேறுபாட்டை ஏற்கிறது. ஆகவே 150, 165 என்ற இரு அளவுகளும் ஒன்றாகவே இருக்கலாம். பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு பொய்யாக உயரும்.

லாரன்ஸ் 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் இணைந்து நீரிழிவு நோயாளர் சங்கத்தைத் தொடங்கினார், 1968இல் மறைந்தார். இன்சுலினுடன் அவர் வாழ்ந்தது 45 ஆண்டுகள்.

நீங்கள் அளவைக் குறிக்கும்போது நேரம், உணவு, உழைப்பு ஆகியவற்றையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஒற்றை அளவைக் கண்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அளவு 70க்குக் கீழிருந்தால் மட்டும் காத்திராமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடத்தில் மீண்டும் பரிசோதியுங்கள்.