பைபிள் மட்டும் போதுமா? ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் சொன்ன பதில் என்ன?

பெரம்பலூரில் இருந்து பிரிந்து உருவான அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா ஆலயத்துக்காகப் பலரும் தேடி வரும் ஊர். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே தங்கி, இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தவர் வீரமாமுனிவர்.

தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை... இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருப்போம். ஆனா அவர் வாழ்நாள் முழுக்க இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது. எது சரி, எது தப்புன்னு ஒரு கிறிஸ்தவருக்குச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கு?

யார் இவர்?

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். சேசு சபைத் துறவியாகி, 1710-ல் கோவா வந்து, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். தமிழ் கற்று, துறவிக் கோலம் பூண்டு, தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதுவே பின்னாளில் வீரமாமுனிவர் ஆனது.

தரங்கம்பாடியோடு மோதல்

அவர் வருவதற்கு முன்பே, 1706-ல், ஜெர்மனியைச் சேர்ந்த சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார். அச்சகம் அமைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டையும் வெளியிட்டார். இவர்கள் லூத்தரன் பிரிவினர். நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் பைபிள்தான் இறுதி அளவுகோல். போப் சொன்னாலும் சரி, திருச்சபை சொன்னாலும் சரி, அதை வெச்சுத்தான் அளக்கணும் என்பது இவர்கள் நிலைப்பாடு.

கத்தோலிக்கரான வீரமாமுனிவர் இதை ஏற்கவில்லை. பைபிளோடு, திருத்தூதர்கள் வழிவந்த மரபும், அதை விளக்கிச் சொல்லும் திருச்சபையும் சேர்ந்ததுதான் அதிகாரம் என்பது அவர் பக்க வாதம். 1728-ல் வேத விளக்கம் எழுதியது இந்த மறுப்புக்காகத்தான். தரங்கம்பாடிக்காரர்களின் தமிழ்நடையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

திருக்குறள் எங்கே வருது?

கத்தோலிக்க அறநெறியில் இன்னொரு ஊற்றும் உண்டு: மனித அறிவு. வேதம் தெரியாதவர் மனதிலும் நன்மை தீமை எழுதப்பட்டிருக்கு என்பது பவுலடியார் ரோமையருக்கு எழுதிய கடிதத்தில் வரும் கருத்து. வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்ததை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். கிறிஸ்தவ நூலே அல்லாத ஒன்றின் அறத்தை ஐரோப்பியர் கையில் கொடுத்தார். காமத்துப்பாலை மட்டும் தொடவில்லை.

சொல்றவர் எப்படி நடக்கிறார்?

அன்று பாதிரியார்கள் ரொம்பக் குறைவு. ஊர் ஊராகப் போய் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வேதியர் எனப்படும் உபதேசிகள்தான். அவர்களுக்காக 1727-ல் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார் வீரமாமுனிவர். போதிப்பவருடைய சொந்த வாழ்க்கை சுத்தமாக இருக்கணும் என்பதுதான் நூலின் அடிநாதம். பரமார்த்த குரு கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். விவரமே இல்லாத குரு, அவரை அப்படியே நம்பும் ஐந்து சீடர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிற அளவுக்குப் போகுது கதை!

சாதி கேட்ட கேள்வி

இந்த அதிகாரம் எல்லாம் உண்மையில் சோதிக்கப்பட்ட இடம் சாதி. ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்குள் பாதிரியார் போனால், மற்ற சாதியினர் ஒதுங்கிவிடுவார்கள் என்று மதுரை மிஷன் தயங்கியது. நோயுற்றவர் எந்தச் சாதியாக இருந்தாலும் வீடு தேடிப் போகணும் என்று 1704-லேயே புதுச்சேரியில் வைத்து போப்பின் தூதர் தூர்னோன் ஆணையிட்டார். ஊர் வழக்கத்தைக் காரணம் காட்டி மிஷனரிகள் விலக்கு கேட்டார்கள். 40 ஆண்டுகள் இழுபறி. 1744-ல் போப் 14-ம் பெனடிக்ட் மீண்டும் கண்டிப்பாகச் சொன்னார். அதற்கு சேசு சபை கண்டுபிடித்த வழி, ஒடுக்கப்பட்டோருக்கு மட்டும் தனிப் பாதிரியார்கள்!

மூன்று ஆண்டுகள் கழித்து, 1747-ல் வீரமாமுனிவர் மறைந்தார். பைபிள், மரபு, திருச்சபை, மனித அறிவு எல்லாம் கையில் இருந்தும், நோயாளி வீட்டு வாசலைத் தாண்ட ஊர் வழக்கத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தது, அவர் உழைத்த அதே மிஷன்.