துளைத்த இரும்பும் காத்த தாயும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்)

நம் வகுப்பில் மூளையைப் பற்றிய பாடம் நடக்கும்போது பினியாஸ் கேஜ் என்ற பெயர் ஓரிரு வரிகளில் வந்து போகும். இரும்புக் கம்பி தலையைத் துளைத்தும் உயிர் பிழைத்தவர். ஆனால் குணம் மாறிப்போனவர். மூளையின் முன்பகுதிக்கும் மனித நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்றானவர். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இதை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் கல்குவாரியில் தமர் அடித்து மருந்து கெட்டிக்கும் தொழிலாளி. பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். பாறைக்கு வெடி வைக்கும்போது நேர்ந்த விபத்து என்றதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மூளையின் எந்தப் பகுதி அடிபட்டது என்று அவர் கேட்கவில்லை. அப்புறம் அந்த ஆள் என்ன வேலை செய்தான், அவனை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

கேஜ் 1823இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். 25 வயதில், வெர்மான்ட் மாநிலத்துக் காவண்டிஷ் என்ற ஊருக்கு அருகே இருப்புப்பாதை போடுவதற்குப் பாறை உடைக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தார். பாறையில் குழி அடித்து, வெடிமருந்து இட்டு, திரி வைத்து, மேலே மணலைப் போட்டுக் கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். கேஜின் கம்பி 3 அடி 7 அங்குல நீளம். ஒன்றேகால் அங்குலக் கனம். எடை 13¼ பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6 கிலோ. தம் கைக்கு வாகாக இருக்கவேண்டும் என்று பக்கத்துக் கொல்லரிடம் சொல்லிச் செய்துகொண்டது. அதன் ஒரு முனை கூராக இருந்தது. அந்தக் கூர்தான் அவரைக் காப்பாற்றியது என்பாரும் உண்டு.

1848 செப்டம்பர் 13, மாலை நாலரை மணி. பின்னால் நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்த நொடியில் கம்பி பாறையில் உரசிப் பொறி பறந்தது. மருந்து வெடித்தது. கம்பி இடக் கன்னத்து எலும்பின் கீழே புகுந்து, இடக் கண்ணுக்குப் பின்னே சென்று, உச்சி மண்டையைப் பிளந்துகொண்டு வெளியேறிச் சுமார் 80 அடிக்கு அப்பால் விழுந்தது. கேஜ் சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி முக்கால் மைல் வந்து, தாம் தங்கியிருந்த விடுதித் திண்ணையில் நாற்காலி போட்டு அமர்ந்து மருத்துவருக்காகக் காத்திருந்தார்! முதலில் வந்த மருத்துவர் வில்லியம்சிடம், உங்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது என்ற பொருள்பட வேடிக்கையாகப் பேசினாராம்.

அடுத்து வந்த ஜான் மார்ட்டின் ஹார்லோ முப்பது வயதுகூட ஆகாத கிராமத்து மருத்துவர். கிருமிகளைப் பற்றி உலகம் அறியாத காலம் அது. எலும்புத் துண்டுகளை அகற்றினார், பொருத்தக்கூடியதைப் பொருத்தினார், சீழ் வடிவதற்கு வழிவிட்டுக் கட்டுப்போட்டார். இடையில் கேஜ் நினைவு தப்பிக் கிடந்தபோது நண்பர்கள் சவப்பெட்டியைத் தயார் செய்துவிட்டனர். ஹார்லோ விடவில்லை. நெற்றிப் பக்கம் தேங்கிய சீழைக் கீறி வெளியேற்றினார். பத்து வாரங்களில் கேஜ் தாயிடம் திரும்பினார்.

தாயின் பெயர் ஹன்னா. லெபனான் என்ற ஊரில் (அதுவும் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ளதே) அவருடைய வீட்டில் கேஜ் மெல்ல மெல்லத் தேறினார். குதிரைக்கும் மாட்டுக்கும் தீனி வைத்தார். உழவுக் காலத்தில் அரை நாள் வேலை பார்த்தார். மகனின் நினைவாற்றல் சற்றுக் குறைந்திருப்பதாகவும், பழகாதவர்களுக்கு அது தெரியாது என்றும் தாய் கூறினார். நூல்களில் நான் படித்த எத்தனையோ குறிப்புகளில் இதைத்தான் மிகவும் நம்புகிறேன். கூடவே இருப்பவருக்கு மட்டும் தெரியும் வேறுபாடு அது.

இடக்கண் பார்வை போயிற்று. பழைய வேலையைக் கேட்டபோது ஒப்பந்தக்காரர்கள் மறுத்துவிட்டனர். விபத்துக்கு முன் மிகத் திறமையான மேஸ்திரி என்று அவர்களே பாராட்டியவர்தாம். இப்போதோ பொறுமை குறைந்து, சொன்ன சொல் கேளாமல், திட்டம் போட்டதை முடிக்காமல் கைவிடும் மனிதராகிவிட்டார் என்பது அவர்கள் கணிப்பு.

மேஸ்திரி வேலை மறுக்கப்பட்டவருக்கு ஆராய்ச்சிக் கூடத்தின் கதவு திறந்தது. 1849இன் இறுதியில் ஹார்வர்டு அறுவை மருத்துவப் பேராசிரியர் பிகலோ தம் செலவில் அவரைப் பாஸ்டன் நகருக்கு வரவழைத்துப் பல வாரங்கள் வைத்திருந்து சோதித்தார். இப்படி ஒன்று நடந்திருக்க முடியுமா என்று பல மருத்துவர்கள் ஐயுற்றிருந்தார்கள். கேஜ் அவர்கள் முன் நின்றார். முகத்தில் சாந்து பூசி அச்செடுக்க உடன்பட்டார். தம் கம்பியையும் மருத்துவக் கல்லூரிக் காட்சிச்சாலைக்குக் கொடுத்தார். கம்பியில் பொறித்த வாசகத்தில் விபத்து நாள் செப்டம்பர் 14 என்று தவறாக இருக்கிறது. யாருடைய தலையை அது துளைத்ததோ அவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் பொறித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் சம்மதம் இன்றியமையாதது என்று 1947இல் நூரம்பெர்க் நெறிகளும், 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும் வகுத்தன. கேஜ் வாழ்ந்தது அதற்கு நூறாண்டு முன்னர். பிகலோ அவர் உடலும் உள்ளமும் நலமாகிவிட்டன என்று 1850இல் எழுதினார். வேலை போன செய்தி அந்த முடிவை அசைக்கவில்லை.

கேஜ் பிற்பாடு தம் கம்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது அவருடையதல்லவா? நியூயார்க்கில் பார்னம் என்பவரின் காட்சிச்சாலையில் கம்பியும் கையுமாக நின்று பிழைத்தார். பிறகு ஹானோவர் என்ற ஊரில் ஒன்றரை ஆண்டு குதிரை லாயத்தில் வேலை. 1852இல் கப்பலேறித் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இதுதான். வால்பரைசோ நகரத்துக்கும் சாண்டியாகோவுக்கும் இடையே பயணிகள் வண்டி ஓட்டினார். ஆறு குதிரைகள் பூட்டிய வண்டி. விடியுமுன் குதிரைகளைப் பூட்ட வேண்டும். மலைப்பாதையில் ஆறு கடிவாளங்களையும் பிரித்துப் பிடிக்க வேண்டும். தெரியாத மொழி பேசும் பயணிகளிடம் தன்மையாக நடந்துகொள்ள வேண்டும். திட்டமிடத் தெரியாதவர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர் ஏறத்தாழ ஏழாண்டுகள் அந்நாட்டில் உழைத்துப் பிழைத்தார். அங்கே அவரை அறிந்திருந்த மருத்துவர் ஒருவரும் அவருடைய அறிவில் குறை எதையும் காணவில்லை. ஒழுங்கான அன்றாட வேலையே அவரைச் சிறிது சிறிதாகச் சீராக்கியிருக்கலாம் என்பது ஆஸ்திரேலிய உளவியலார் மால்கம் மாக்மில்லனின் கருத்து. என் தந்தையாரின் கேள்விக்கு முதல் பாதி விடை இது.

1859இல் உடல்நலம் கெட்டு, சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்திருந்த தாயையும் தங்கையையும் தேடி வந்தார். தங்கை பிள்ளைகளுக்குத் தம் பயணக் கதைகளைச் சுவையாகச் சொல்வாராம். சற்றுத் தேறியதும் பண்ணை வேலைக்குப் போனார். 1860 பிப்ரவரியில் வலிப்பு தொடங்கியது. மே 21ஆம் நாள் தாயின் அருகில் உயிர் பிரிந்தது. வயது 36.

ஹார்லோ தம் நோயாளி எங்கே போனார் என்று தெரியாமல் இருந்தார். 1866இல் அந்தத் தாயின் முகவரி கிடைத்து எழுதினார். கேஜின் கடைசிப் பதினோராண்டு வாழ்வைப் பற்றி ஹார்லோ எழுதியவற்றில் பெரும்பகுதி அவ்வம்மையார் சொன்னதுதான். ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர் கேஜ் மட்டுமல்லர். எந்தக் குதிரையை விரும்பினான், எப்போது கோபித்தான், முதல் வலிப்பு எந்த வேளையில் வந்தது என்று மனத்தில் குறித்து வைத்திருந்த தாயும் பங்கெடுத்தார். ஆனால் 1868இல் வெளிவந்த கட்டுரை ஹார்லோவின் கட்டுரை என்றே பெயர் பெற்றது. விபத்துக்குப் பின் நேர்ந்த குணமாற்றத்தை ஹார்லோ விரிவாக எழுதியதும் அதில்தான், இருபது ஆண்டு கழித்து. அதை எடுத்துக்கொண்டு டேவிட் ஃபெரியர் போன்ற அறிஞர்கள் மூளைப் பகுதிகளின் தொழில்களைப் பற்றி வாதிட்டனர். 1994இல் ஹன்னா டமாசியோ குழுவினர் அந்த மண்டையோட்டின் அளவுகளைக் கொண்டு கணிப்பொறியில் கம்பியின் வழியை வரைந்து பார்த்தனர்.

மண்டையோடு எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? கல்லறையைத் திறந்து தலையை மட்டும் தரமுடியுமா என்று ஹார்லோ கேட்டார். தாய் சம்மதித்தார். மகனுக்கு உயிர்ப்பிச்சை தந்த மருத்துவர் கேட்கிறாரே என்றுதான் அந்த மனம் இசைந்திருக்கும் என்று எண்ணுகிறேன். 1867இன் இறுதியில் தோண்டினார்கள். அடுத்த ஆண்டு கேஜின் தங்கை கணவரே மண்டையோட்டையும் கம்பியையும் எடுத்துச் சென்று ஹார்லோவிடம் ஒப்படைத்தார். அவை பாஸ்டனில் ஹார்வர்டின் வாரன் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. உடலின் மற்ற எலும்புகள் 1940இல் இடம் மாற்றப்பட்டு, கலிபோர்னியாவில் கோல்மா என்ற ஊரில் இருக்கின்றன. தலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு கண்டமே கிடக்கிறது.

2009இல் ஒரு பழைய நிழற்படம் கேஜுடையது என்று கண்டறிந்தார்கள். அதுவரை திமிங்கில வேட்டைக்காரர் ஒருவரின் படம் என்று எண்ணியிருந்தார்களாம். நல்ல உடை, வாரிய தலை, மூடிய இடக்கண், கையில் கம்பி. அதன் நகலை அடுத்த முறை ஊருக்குப் போனபோது தந்தையாரிடம் காட்டி, வண்டி ஓட்டியதையும் தாய் பார்த்துக்கொண்டதையும் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். கம்பியை அவர் பிடித்திருக்கும் விதத்தைச் சுட்டி, தொழில் தெரிந்தவன் பிடி என்றார்.