வட்டத்தொட்டி வளர்த்த ரசிகமணி

கவிதை எழுதிப் புகழ் பெற்றோர் தமிழில் பலர். கவிதையை ஆராய்ந்து புகழ் பெற்றோரும் பலர். தாம் படித்து மகிழ்ந்ததைப் பிறரோடு பகிர்ந்துகொண்டதையே வாழ்நாட் பணியாக்கி, அதனாலேயே புகழ் பெற்றவர் ரசிகமணி டி.கே.சி. எனப்படும் டி.கே. சிதம்பரநாத முதலியார். இலக்கியத்துக்கென வட்டம் அமைத்துக் கூடும் எவரும் அவருடைய வாழ்வை ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது பயன் தரும். அந்த வாழ்வின் பெருமையிலும், அதனைச் சுற்றி எழுந்த வழக்கிலும் ஒவ்வோர் இலக்கிய வட்டத்துக்கும் பாடம் உண்டு.

தென்காசியில் வேரூன்றிய குடும்பத்தில் பிறந்த அவர், அக்காலத்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைப் போலவே ஆங்கிலக் கல்வி பெற்றார், சட்டமும் பயின்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் கற்றோர் பலர், கவிதை என்றால் ஷேக்ஸ்பியரும் ஷெல்லியுமே என்று எண்ணியிருந்தனர். தமிழ்ச் செய்யுளோ அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தோடும் பதவுரையோடும் மல்லாடிய கசப்பான நினைவாகவே எஞ்சியிருந்தது. மறுபுறம், பழந்தமிழில் ஆழ்ந்த புலவர்கள் பலர் பொருள் விளக்குவதிலும் இலக்கணக் குறிப்புக் கூறுவதிலும் காட்டிய அக்கறையைச் சுவைப்பதில் காட்டவில்லை. இவ்விரு சாராருக்கும் இடையே தமிழ்க் கவிதை கேட்பாரற்றுக் கிடந்தது. டி.கே.சி. அந்த இடைவெளியிலே நின்று பேசத் தொடங்கினார்.

அவர் பேசத் தேர்ந்த இடம் மேடையன்று, தம் வீடே. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வாழ்ந்த இல்லத்தில் வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. 1920களில் ஞாயிறுதோறும் மாலையில் நண்பர்கள் அங்கே கூடினர். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகி, வட்டத்தொட்டி எனத் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்டது. புலவர் பட்டம் உள்ளவர்க்கே அங்கு இடம் என்ற நியதி இல்லை. கேட்கும் ஆவலே அங்கு நுழைவதற்கான தகுதியாக இருந்தது.

அந்த அவையில் நூல் முழுவதையும் ஓட்டமாகப் படித்து முடிக்கும் அவசரம் இருக்கவில்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு அதிலேயே நெடுநேரம் தங்குவது டி.கே.சி.யின் முறை. முதலில் பாடலை வாய்விட்டுச் சொல்வார். சந்தி பிரித்து, உணர்ச்சி எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திச் சொல்வார். மீண்டும் சொல்வார்; மூன்றாம் முறையும் சொல்வார். பொருள் விளங்குவதற்கு முன்பே பாடலின் தாளம் கேட்பவர் உள்ளத்தில் இறங்கிவிடும். அதன் பிறகே விளக்கம் வரும். கம்பரும், முத்தொள்ளாயிரமும், குறளும், தனிப்பாடல்களும் இவ்வாறு அன்றுதான் பிறந்தவை போலப் புதுமையோடு அங்கே உலவின. கவிதைக்கு உருவமும் உணர்ச்சியும் ஒன்றாக இசைய வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அக்கொள்கையை அவர் சூத்திரமாக எழுதி வைத்துக் கற்பிக்கவில்லை. பாடலைச் சொல்லிக் காட்டியே உணர்த்தினார்.

பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலையப் பாதுகாப்புத் துறையின் ஆணையராகப் பணியாற்றினார். பதவி வந்தபோதும் போனபோதும் அவருடைய உண்மையான அலுவல் மாறவில்லை. கையில் எந்தப் பாடல் இருக்கிறதோ அதனை அடுத்தவர் காதில் சேர்ப்பதே அந்த அலுவல்.

பழமையை மட்டும் பகிர்ந்தவரல்லர் அவர். தம் காலத்தில் வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைச் சென்ற இடமெல்லாம் எடுத்துச் சொன்னார். நாஞ்சில் நாட்டில் அடக்கமாக வாழ்ந்த அக்கவிஞரின் பெயர் தமிழகமெங்கும் பரவியதில் டி.கே.சி.க்குப் பெரும்பங்கு உண்டு. அருமை மகனை இழந்து அவர் துயருற்ற நாளில் கவிமணி இரங்கற்பா எழுதி அனுப்பினார். அத்துயரத்துக்கு நடுவிலும் அதனைக் கவிதையாகவே போற்றி அனுபவித்தார் என்பது அவருடைய நண்பர்கள் வியப்போடும் கலக்கத்தோடும் பேசிய செய்தி. சுவை என்பது அவருக்குப் பொழுதுபோக்கன்று. துயரைத் தாங்கும் கொழுகொம்பு.

பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தார். வட்டத்தொட்டி அவரோடு குற்றாலத்துக்கே வந்துவிட்டது எனலாம். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே சென்றனர். அருவியும் சாரலும் அழைத்ததற்கு மேலாக அவருடைய பேச்சு அவர்களை அழைத்தது. நேரில் வர இயலாத அன்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பேசுவது போன்றே எழுதப்பட்ட அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. கல்கி இதழில் அவர் எழுதிய கம்பர் தரும் காட்சிகள், ஒரு வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த உரையாடலைப் பல்லாயிரம் வீடுகளுக்குக் கொண்டு சென்றன. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தோடும் அவருக்கு நெருங்கிய உறவு இருந்தது.

இந்தப் பகிர்வில் ஓர் இடர் இருந்ததையும் மறைப்பதற்கில்லை. ஏறத்தாழ 10,500 பாடல்கள் கொண்ட இராமாயணத்தில் மிகப் பலவற்றைக் கம்பர் வாக்கல்ல என்று அவர் ஒதுக்கினார். ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் தம் செவிக்கு ஒவ்வாத சொற்களை ஏடெழுதியோர் பிழையெனக் கருதி மாற்றினார். ஏட்டுச் சான்று இல்லாத இத்திருத்தங்களை அறிஞர் பலர் கடுமையாக மறுத்தனர். அவர்கள் மறுத்தது நியாயமே. ஒரு ரசிகரின் செவி எவ்வளவு நுண்மையானதாயினும், அது கவிஞரின் கையெழுத்து ஆகிவிடாது. தாம் சுவைத்ததைப் பகிர்பவர், தம் சுவைக்கேற்ப நூலையே மாற்றத் தொடங்கினால், அடுத்துவரும் வாசகருக்குத் தாமே கண்டறியும் வாய்ப்புக் குறைந்துபோகிறது. அன்பும் மதிப்பும் மிகுந்த அவையில் இந்த இடர் இன்னும் பெரிது. அங்கே மறுத்துப் பேச நா எழுவது அரிது.

ஆயினும் இன்னொரு பக்கமும் உண்டு. அத்திருத்தங்களை மறுக்கும் அளவுக்குக் கம்பரைக் கூர்ந்து படிக்கும் வாசகர் கூட்டம் பெருகியதில் டி.கே.சி.யின் பங்கு சிறிதன்று. அவர் திருத்திய பாடங்களைப் பலரும் கைவிட்டனர். அவர் மூட்டிய ஆவலை யாரும் கைவிடவில்லை. அவருடைய அன்பர்கள் அவரைப் பின்பற்றியே நின்றுவிடவும் இல்லை. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் கோயிற்கலையின் பக்கம் சென்று, வேங்கடம் முதல் குமரி வரையுள்ள தலங்களை எழுதினார். நீதிபதியாக உயர்ந்த எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்குத் தந்தார். மீ.ப. சோமு கதையும் கவிதையும் பயண நூலும் எழுதி 1962இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். ஒரே அவையில் கேட்டவர்கள் ஒரே நகலாக வெளிவராமல், தத்தம் வழியில் சென்றார்கள். அவர் பகிர்ந்ததில் நிலைத்தது அவருடைய முடிவுகளல்ல, படிக்கும் பழக்கமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

16-2-1954 அன்று டி.கே.சி. மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும், டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். பாடியவர், பாடலை எடுத்துச் சொன்னவர், சொன்னதை ஊரறியச் செய்தவர் ஆகிய மூவரையும் தமிழ் ஓராண்டிலேயே இழந்தது. வட்டத்தொட்டிக்கு விதிமுறை நூலோ கட்டடமோ எஞ்சவில்லை. நாலு பேர் கூடுமிடத்தில் ஒருவர் தாம் அண்மையில் படித்த பாடலைச் சொல்ல, மற்றவர் அதனை மீண்டும் ஒருமுறை சொல்லும்படி கேட்கும் வழக்கம் மட்டுமே எஞ்சியது. அவ்வழக்கம் தொடரும் இடமெல்லாம் வண்ணாரப்பேட்டை முற்றத்தின் தொடர்ச்சியே.