அடியால் நிலம் அளந்த ஆசிரியர்

குத்தாலத்தில் காவிரிக் கரைமேல் நின்று நாற்புறமும் நோக்கினால், பசிய நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் கோயிற் கோபுரங்களும் கண்ணிற்படும். குன்று ஒன்றேனும் கண்ணிற்படாது. இத்தகைய சமவெளியை அளக்க வந்தவர்க்கு இதுவே பேரிடராய் அமைந்தது. தொலைவிலுள்ள இடத்தைக் குறிபார்க்க உயர்ந்த இடம் வேண்டுமன்றோ? 1802-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய பெரும் நில அளவையை நடத்திய இலாம்டன் என்னும் ஆங்கிலேயர், நம் நாட்டுக் கோபுரங்களையே மலைகளாகக் கொண்டார். 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுகையில், அது மோதுண்டு சிதைந்தது. அவர் மனந்தளராது தாமே அதனைச் செப்பனிட்டார்.

அவ்வளவை வடக்கு நோக்கி வளர்ந்து, இலாம்டன் மறைந்த பின்னர் இமயத்தை எட்டியது. இமயத்திற்கு அப்பால் திபெத்து நாடு இருந்தது. அந்நாட்டார் அயலாரைத் தம் எல்லைக்குள் விடாது கதவடைத்திருந்தனர். அங்கே அரை டன் கருவியைக் கொண்டு செல்வது எங்ஙனம்? கொண்டு சென்றாலும் அதனை வெளிப்படையாக நிறுத்தி அளப்பது எங்ஙனம்? இவ்வினாக்களுக்குத் தம் இரு கால்களாலேயே விடை கண்டார் ஒருவர். அவர் படைத்தலைவர் அல்லர்; செல்வர் அல்லர்; மலைநாட்டுச் சிற்றூரில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர். அவரே நைன் சிங்.

நைன் சிங் 1830-ஆம் ஆண்டில் குமாவூன் மலைநாட்டில், சோகார்ப் பள்ளத்தாக்கிலுள்ள மிலம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூரார் ஆண்டுதோறும் கோடையில் உயர்ந்த கணவாய்களைக் கடந்து, திபெத்தியரோடு வாணிகம் செய்து மீள்வர். ஆதலின் அவருக்குப் பனியும் பாறையும் இளமையிலேயே பழகியவை. திபெத்திய மொழியும் தெரிந்ததே. பின்னர் அவர் மிலம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியரானார். அதனால் அவரைப் பண்டிதர் என மக்கள் அழைத்தனர்.

நில அளவைத் துறையில் பணியாற்றிய மாண்ட்கோமரி என்பார், எல்லைப்புற மக்களையே பயிற்றி அனுப்பினால் திபெத்தை அளக்கலாம் எனக் கருதினார். 1863-ஆம் ஆண்டில் நைன் சிங்கும் அவர் உறவினரான மானி சிங்கும் தேராதூனில் பயிற்சி பெறத் தொடங்கினர். விண்மீன்களின் உயரத்தைக் கருவியால் அளக்கவும் திசைகாட்டியைக் கையாளவும் அவர்கள் கற்றனர். எல்லாவற்றினும் அரிய பயிற்சி நடையே. ஏற்றமாயினும் இறக்கமாயினும் சமவெளியாயினும், வைக்கும் அடி ஒரே அளவினதாய் இருத்தல் வேண்டும். அவ்வாறு வைத்த அடிகள் ஏறத்தாழ 2,000 சேர்ந்தால் ஒரு மைல் ஆகும்.

அடிகளை எண்ணுவதற்கு ஒரு சூழ்ச்சி செய்தனர். பௌத்தர் கையிலேந்தும் மணிமாலையில் 108 மணிகள் இருக்கும். இவர்கள் மாலையிலோ 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்பட்டது. மாலை ஒருமுறை சுற்றிவந்தால் 10,000 அடி, அதாவது ஐந்து மைல். காண்போர் இவரை மந்திரம் செபிக்கும் அடியார் என்றே எண்ணுவர். கையில் சுழற்றும் மந்திர உருளைக்குள் மந்திரத்திற்கு மாறாக அளவுக் குறிப்புத் தாள்கள் இருந்தன. ஊன்றுகோலுக்குள் வெப்பமானியும், பெட்டியின் மறைவறையில் கோணமானியும், சோழிகளுக்குள் பாதரசமும் ஒளிந்திருந்தன.

1865-ஆம் ஆண்டில் நேபாளம் வழியே புறப்பட்ட நைன் சிங், முதன்முறை எல்லைக் காவலரால் தடுக்கப்பட்டார். மானி சிங் திரும்பிவிட, இவர் மட்டும் வேடம் மாறி வேறு வணிகரோடு சேர்ந்து உட்புகுந்தார். கைப்பொருள் கரைந்தபோது வணிகர்க்குக் கணக்குக் கற்பித்து வயிறு வளர்த்தார். 1866-ஆம் ஆண்டு சனவரியில் திபெத்தின் தலைநகரான இலாசாவை அடைந்தார். அந்நகரின் உயரம் ஏறத்தாழ 11,700 அடி என்று அவர் கண்டார். இன்றைய அளவு ஏறத்தாழ 12,000 அடி. ஊன்றுகோலில் மறைத்த வெப்பமானியைக் கொண்டு கண்ட அளவு இத்துணை நெருங்கியது வியத்தற்குரியது. அவ்வாண்டின் இறுதிக்குள் அவர் மீண்டபோது, ஏறத்தாழ 1,200 மைல் நடந்து, 25 இலட்சம் அடிகளை எண்ணியிருந்தார். மூவடியால் உலகளந்த திருமாலின் கதையை நாம் அறிவோம். இவரோ அடி அடியாய் எண்ணி அளந்த மானிடர்.

மறு ஆண்டே அவர் மீண்டும் புறப்பட்டார். இம்முறை மானி சிங்கும், தம் இளவலான கலியான் சிங்கும் உடன் வந்தனர். ஆழ்வார்கள் பாடிய வதரி எனும் பத்ரிநாதத்திற்கு அப்பால் மானா என்னும் ஊர் உள்ளது. நம் நாட்டு யாத்திரிகர் வதரியோடு திரும்பிவிடுவர்; இம்மூவரோ அங்கிருந்துதான் தொடங்கினர். வடக்கே சரசுவதியாற்றின் பள்ளத்தாக்கு வழியே ஏறினால் மானாக் கணவாய் வரும். அதன் உயரம் 18,000 அடிக்கும் மேல். ஆண்டின் பெரும்பகுதி பனி அதனை மூடிக் கிடக்கும். கோடையின் பிற்பகுதியில் பனி உருகி வழி திறக்கும்வரை காத்திருந்து, 1867-ஆம் ஆண்டில் அவர்கள் அதனைக் கடந்தனர்.

அத்தகைய கணவாயைக் கடக்கும் நாள் எத்தன்மையது? விடியுமுன்னரே நடக்கத் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகிக் காலை உள்வாங்கும். பனியின் வெண்ணொளி கண்ணைக் கூசச் செய்து பார்வையைக் கெடுக்கும். அங்குள்ள காற்றின் செறிவு கடற்கரைக் காற்றில் ஏறத்தாழ பாதியே. பத்தடி வைத்தால் மூச்சு முட்டும், தலை நோகும், பசி தோன்றாது. நம் ஊர் உலையில் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும் நீர், அங்கே ஏறத்தாழ 82 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே அரிசி எளிதில் வேகாது. சமையலுக்கு இடையூறான இச்செய்தியே அளவையாளர்க்குத் துணையாயிற்று. கொதிநீரின் வெப்பம் எவ்வளவு குறைகிறதோ, இடம் அவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிடலாம்.

சாதாரண வழிப்போக்கனுக்கு இங்கே உயிரோடு கடந்தால் போதும். அளவையாளனுக்கோ அது போதாது. மூச்சு வாங்கும்போதும் அடியின் நீளம் மாறலாகாது. விரல் விறைத்தபோதும் மணி தவறலாகாது. ஒரு மணி தவறினால் நூறு அடி பிழையாகும். அப்பிழை படத்தில் நிலைத்துவிடும். கண்காணிக்க எவரும் இல்லாத அவ்வுயரத்தில், உண்மையே அவருக்குக் கண்காணியாய் நின்றது.

கணவாய்க்கு அப்பால், ஏறத்தாழ 16,000 அடி உயரத்திலுள்ள தோக் சாலுங் என்னும் தங்கச் சுரங்கத்தை அவர் கண்டார். கடுங்காற்றுக்கு அஞ்சி அங்குள்ளோர் குழி தோண்டி, அதனுள்ளே கூடாரமிட்டு வாழ்ந்தனர். பின்னர் 1874-ஆம் ஆண்டில் இலேயிலிருந்து புறப்பட்டு, இலாசா வழியாக 1875-இல் அசாமை அடைந்தார். அதுவே அவருடைய இறுதிப் பெரும்பயணம். நெடுங்காலத்துப் பனியும் காற்றும் அவர் கண்பார்வையைக் கெடுத்திருந்தன.

அவர் பணி அந்நாளைய ஆங்கில அரசின் நோக்கங்களுக்கும் பயன்பட்டது என்பது உண்மையே. ஆயினும் அவர் தந்த அறிவு உலகத்தார் அனைவர்க்கும் உரியதாயிற்று. தொடக்கத்தில் வெளியான அறிக்கைகளில் அவர் பெயரே மறைக்கப்பட்டு, பண்டிதர் என்று மட்டும் குறிக்கப்பட்டது. 1877-ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள அரச நிலநூற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. 2004-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நிலப்படத்தில் மெல்லிய கோடாய்த் தோன்றும் ஒவ்வொரு கணவாயின் பின்னும் எவரோ ஒருவர் எண்ணிய அடிகள் உள்ளன. புகழ் தேடாது, பார்ப்பார் இல்லாவிடத்தும் பிழையின்றிச் செய்யும் பணியே பெரும்பணி. அதனை நமக்குக் கற்பித்த நைன் சிங், தம் ஊர்ப் பள்ளியை விட்டு நீங்கிய பின்னும் ஆசிரியராகவே விளங்குகின்றார்.