நாடற்றோரின் நண்பர் நான்சென்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். குடியுரிமையின் அருமையும் அத்தகையதே. அஃது உள்ளபோது ஒருவரும் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. இழந்தபோதோ, நிற்கவும் இடமின்றித் தவிக்க நேர்கிறது. அங்ஙனம் தவித்த பல இலட்சம் மக்களுக்குச் சட்டத்தின் வாயிலாக ஒரு நிலைக்களம் தேடித் தந்த பெருந்தகையாளர், நார்வே நாட்டினரான பிரிட்யோப் நான்சென் ஆவார்.

இவர் 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ என வழங்கும் நகரின் அருகே பிறந்தார். இவர் தந்தையார் ஒரு வழக்கறிஞர். நான்சென் விலங்கியல் கற்றுத் தேர்ந்தார். 1888ஆம் ஆண்டில் தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் குறுக்காகக் கடந்தார். 1893இல் 'பிராம்' என்னும் கப்பலில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார். 1895இல் தோழர் ஒருவருடன் கப்பலை விட்டிறங்கிப் பனிமேல் நடந்து, அதுவரை எவரும் எட்டாத வடகோடியை எட்டினார். திரும்பும் வழியில் இருவரும் கற்குடில் ஒன்று அமைத்து, கரடி இறைச்சி உண்டு, நெடிய குளிர்காலத்தைக் கழித்தனர். 1896இல் அவர் நாடு திரும்பியபோது உலகமே அவரைப் போற்றியது.

முதல் உலகப்போர் 1918இல் முடிவுற்றது. போர்க் கைதிகள் பலர் தாயகம் திரும்ப வழியின்றி அயல்நாடுகளில் வாடினர். அவர்களை மீட்கும் பணியைச் சர்வதேச சங்கம் 1920இல் நான்செனிடம் ஒப்படைத்தது. இரண்டே ஆண்டுகளில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை அவர் ஊர் சேர்த்தார்.

அதனினும் அரிய பணி ஒன்று காத்திருந்தது. ரஷ்யாவில் 1917இல் எழுந்த புரட்சியாலும், அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போராலும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். 1921இல் சர்வதேச சங்கம் நான்செனை அவர்தம் நலம் பேணும் உயர் ஆணையராக அமர்த்தியது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத்து அரசு, அவர்களுள் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்து ஆணையிட்டது. அவர்கள் கையிலிருந்த பழைய கடவுச்சீட்டுகள் வெற்றுத் தாளாயின. சீட்டு இல்லாதவர் எல்லையைக் கடத்தல் அரிது. ஊரில் தங்கி வேலை பெறுதலும் அரிது. ஒரு நாடு வெளியேற்றினால் ஏற்றுக்கொள்ள மறுநாடு இல்லை. குற்றம் யாதும் செய்யாத மக்கள், இருப்பதே குற்றம் என்னும் நிலைக்கு ஆளாயினர்.

உணவும் உடையும் வழங்குவதால் மட்டும் இத்துயர் தீராது என்பதை நான்சென் உணர்ந்தார். 1922ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜெனீவா நகரில் அரசுகளின் மாநாட்டைக் கூட்டினார். அகதி எந்நாட்டில் வாழ்கின்றாரோ, அந்நாட்டு அரசே அவருக்கு அடையாளச் சான்று வழங்க வேண்டும். பிற நாடுகள் அதனை ஏற்றல் வேண்டும் என்பது அவர் வகுத்த திட்டம். இச்சான்று குடியுரிமை தருவதன்று. ஆதலின் அரசுகள் அஞ்சாமல் இசைந்தன. நாளடைவில் 50க்கும் மேற்பட்ட அரசுகள் இதனை ஏற்றன. மக்கள் இதனை 'நான்சென் கடவுச்சீட்டு' என்றே வழங்கினர். இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் முதலியோரும் இச்சீட்டைப் பெற்றவர்களே.

எனினும், இதில் ஒரு குறை இருந்தது. சான்று பெற்றவர் வெளிநாடு சென்றால், சான்றளித்த நாட்டுக்குத் திரும்பும் உரிமை அவருக்கு இல்லை. திருப்பி அனுப்ப இயலாதவரை உள்ளே விடப் பிற நாடுகள் தயங்கின. எனவே, மீண்டு வருவதற்குரிய இசைவையும் சான்றுடன் வழங்குமாறு 1926ஆம் ஆண்டு உடன்பாடு பரிந்துரைத்தது. வசதியுடைய அகதிகள் ஐந்து பொன் பிராங்கு விலையுள்ள முத்திரையை வாங்கிச் சான்றில் ஒட்டினர். அத்தொகை வறிய அகதிகளின் நலத்திற்குப் பயன்பட்டது. 1924இல் ஆர்மீனியர்க்கும், 1928இல் அசீரியர் முதலியோர்க்கும் இச்சான்று விரிவுபடுத்தப்பெற்றது.

1922ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபெல் பரிசு நான்செனுக்குக் கிடைத்தது. பரிசுப் பொருளை அவர் துயருற்றோர்க்கே அளித்தார். 1930ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் பெயரால் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938இல் அதே பரிசினைப் பெற்றது. அகதிகளுக்குப் பயணச் சான்று வழங்கும் கடமையை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அரசுகளின்மேல் விதித்தது. அவர் இட்ட வித்தே அங்ஙனம் மரமாயிற்று.

பசித்தவர்க்கு உணவளித்தல் அறம். உழைத்து உண்பதற்குரிய நிலையைச் சட்டத்தால் அவர்க்கு அமைத்துத் தருதல் அதனினும் பெரிய அறம். பனிவெளியில் வழி கண்ட நான்சென், நாடிழந்தோர்க்கும் வழி கண்டு அவ்வறத்தைச் செய்தார்.