ஒரு நாழிகையில் பெற்ற உபதேசம்

மகாகவி சுப்பிரமணிய பாரதியாரின் வாழ்நாள் 38 ஆண்டுகளும் 9 மாதங்களுமே. அக்குறுகிய வாழ்விலும் மிகக் குறுகியதொரு பொழுது அவர் சகோதரி நிவேதிதையைக் கண்ட பொழுதாகும். அவர் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அதனைக் கடந்து செல்ல இயலாது.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் பாரதியார். ஐந்து வயதில் தாயை இழந்தார். 1897இல் செல்லம்மாளை மணந்தார். மணமகளுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த ஆண்டே தந்தையும் மறைய, காசியில் அத்தையின் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். பின்னர் ஊர் திரும்பி எட்டயபுரம் அரண்மனையில் பணியாற்றினார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்து, அவ்வாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' இதழில் துணையாசிரியராக அமர்ந்தார். 1905இல் பெண்களுக்கென வெளிவந்த 'சக்ரவர்த்தினி' மாத இதழின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடெங்கும் சுதேசிக் கனல் மூண்டது. டிசம்பரில் கோகலேயின் தலைமையில் காசியில் கூடிய காங்கிரசுக்குப் பாரதியாரும் சென்றார். திரும்பும் வழியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் தங்கியிருந்த நிவேதிதை அம்மையாரைக் கண்டார்.

அயர்லாந்தில் 1867இல் பிறந்த மார்கரெட் நோபிள் என்னும் ஆசிரியையே நிவேதிதை ஆனவர். இலண்டனில் விவேகானந்தரின் உரைகளைக் கேட்டு, 1898இல் கல்கத்தா வந்து அவருடைய சிஷ்யை ஆனார். பாக்பசாரின் சந்தில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். பிளேக் நோய் பரவிய காலத்தில் தெருத் தெருவாகச் சென்று தொண்டு புரிந்தார். குருவின் மறைவுக்குப் பின் நாட்டு விடுதலைப் பணியிலும் துணிந்து இறங்கினார். பாரதியார் காணச் சென்றபோது அவர் புகழ் நாடெங்கும் பரவியிருந்தது. பாரதியாரோ 23 வயது இளைஞர். வங்கத்தில் அவரை அறிந்தவர் அரியர்.

அச்சந்திப்பில் அம்மையார் மனைவியை உடன் அழைத்து வரவில்லையா என்று வினவினாராம். பெண்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்வது தங்கள் வழக்கமன்று என்னும் கருத்தில் இளைஞர் விடை கூற, சமூகத்தில் சரிபாதியானவர்களை அடிமைகளாக வைத்துக்கொண்டு நாட்டின் விடுதலையை எவ்வாறு பெறுவது என்று அம்மையார் வருந்தினாராம். பாரதியாரின் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். பெண்கள் முன்னேற்றத்தை எழுத்தில் வலியுறுத்துவது பாரதியாருக்கு அன்று புதிதன்று. பெண்களுக்கான இதழொன்றின் ஆசிரியரே அவர். ஆயினும் அவ்வெழுத்து தம் வீட்டு வாயிற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை என்பதை அவர் உணரவில்லை. அம்மையாரின் வினா தொட்டது அந்த இடைவெளியைத்தான். வேறொருவராயின் மனம் சுருங்கியிருப்பர். பாரதியார் அவ்வினாவை எழுப்பியவரையே குருவாகக் கொண்டார்.

1908இல் வெளியான 'சுதேச கீதங்கள்' நூலை நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார். கண்ணன் அர்ச்சுனனுக்கு விசுவரூபம் காட்டியதுபோல் தமக்குப் பாரத தேவியின் முழு வடிவையும் காட்டியவர் என்பது அவர் கருத்து. மறு ஆண்டு வந்த 'ஜன்மபூமி'யையும் அவருக்கே படைத்து, மெய்த்தொண்டின் இயல்பையும் துறவின் பெருமையையும் ஒரு நாழிகைப் பொழுதில், சொல்லாமலே உணர்த்தியவர் என்று போற்றினார். அதற்குள் அடக்குமுறையின் காரணமாகப் பாரதியார் புதுவைக்குச் சென்றுவிட்டார். 1911 அக்டோபரில், 43ஆம் வயதில், நிவேதிதை டார்ஜிலிங்கில் மறைந்தார்.

பெற்ற உபதேசம் பாடலோடு நின்றதா? 1918இன் இறுதியில் சிறையினின்று விடுபட்டுக் கடையத்தில் வாழ்ந்த நாளில், செல்லம்மாளின் கையைப் பற்றியபடி தெருவில் நடந்து செல்வாராம். ஊர் நகைத்தது, அவர் பொருட்படுத்தவில்லை. எனினும் வறுமையின் பாரத்தைச் சுமந்தவர் செல்லம்மாளே. அதனையும் மறைத்தல் தகாது.

1921 செப்டம்பர் 12ஆம் நாள் திருவல்லிக்கேணியில் பாரதியார் காலமானார். அடுத்த ஆண்டு பாரதி ஆசிரமம் என்னும் பெயரில் அவர் பாடல்களை நூலாக்கி வெளியிட முன்வந்தவர் செல்லம்மாள். அவ்வாறு வந்த நூலின் பெயரும் 'சுதேச கீதங்கள்' என்பதே. கல்கத்தாவுக்கு உடன் அழைத்துச் செல்லப்படாத அந்த மனைவியின் கைவழியாகவே கவிஞரின் குரல் தமிழகத்தின் இல்லந்தோறும் சென்றது. நம் வட்டம் ஆண்டுதோறும் பாரதி விழா எடுக்கும்போது செல்லம்மாளையும் நிவேதிதையையும் சேர்த்தே நினைப்பது முறையாகும்.