எந்திரங்களின் மருத்துவர்

பழுதுற்ற பொருளைக் கண்டவுடன் எறிந்துவிடுவோர் உலகில் பலர். அப்பொருள் எதனாற் பழுதுற்றது என்று ஆராய்வோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்னிற்பவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு ஆவார். பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு நிறுத்திக்கொண்ட இவர், தம் கண்ணையும் கையையுமே ஆசிரியராகக் கொண்டு எந்திரக் கலையைக் கற்றார். ஒற்றைப் பேருந்தில் தொடங்கிப் பெரியதொரு போக்குவரத்து நிறுவனத்தை ஆக்கினார். தாம் கற்ற வழியிலேயே பிறரும் கற்றல் வேண்டும் என்று விழைந்து கல்லூரி கண்டார். அவ்விழைவின் பொருட்டே அரசோடு மாறுபட்டு, அதனின்று விலகவும் செய்தார்.

பிறப்பும் இளமையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், வேளாண் குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மணலில் எழுத்தெழுதிப் பழகும் அந்நாளைய பள்ளிக்கூடம் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. வகுப்பில் அடங்கியிருத்தல் அவருக்கு இயலாததாயிற்று. ஆகவே கல்வி இடையில் நின்றது. சிறுவர் கழனிக்குத் திரும்பினார். ஆயினும் அறியும் வேட்கை அவரைவிட்டு அகலவில்லை. அது தனக்கேற்ற பாடநூலை எதிர்நோக்கிக் காத்திருந்தது.

அப்பாடநூல் ஒருநாள் புழுதி பறக்கச் சாலையில் ஓடி வந்தது. அலுவல் நிமித்தம் அப்பகுதிக்கு வந்த ஆங்கிலேயர் ஒருவர், இங்கிலாந்து நாட்டில் கவென்றி நகரில் செய்யப்பெற்ற ருட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தார். மாடும் குதிரையும் இழுக்கும் வண்டிகளையே கண்டிருந்த இளைஞருக்கு, இழுப்பாரின்றித் தானே ஓடும் அவ்வண்டி பெருவியப்பை அளித்தது. ஊரார் வியந்து வீடு திரும்பினர். துரைசாமியோ, அஃது எவ்வாறு ஓடுகின்றது என அறிந்தாலன்றி அமைதி கொள்ள இயலாதவரானார்.

வண்டி வாங்கப் பொருள் வேண்டும். அவர் கோயம்புத்தூர் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் காசு காசாகச் சேர்த்தார். சேர்த்த பொருளைக் கொண்டு, தாம் கண்டு வியந்த அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றி மகிழ்ந்ததோடு நின்றாரல்லர். அதன் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றினார். மீண்டும் முறைப்படி பூட்டினார். எவ்வுறுப்பு எதனோடு இயைந்து என்ன தொழில் செய்கின்றது என்பதை அவர் அவ்வாறு கற்றார். பின்னாளில் அவர் அடைந்த சிறப்பனைத்திற்கும் வித்து இப்பயிற்சியே.

முதற் பேருந்து

அதன்பின் அவர் பஞ்சு வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாயில் அவ்வாணிகத்திலேயே ஈட்டியதை இழந்தும் நின்றார். எனினும் மனந்தளரவில்லை. கோயம்புத்தூரில் புகழ்பெற்ற தொழிலதிபராய் விளங்கிய இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பார் அவருடைய திறனையும் நேர்மையையும் அறிந்து கடனுதவி செய்தார். 1920-ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அந்நாளில் பேருந்து ஓட்டுவோர்க்கு ஓட்டும் திறன் மட்டும் போதாது. நடுவழியில் வண்டி நின்றுவிடின் உதவுவதற்கு அணிமையில் பட்டறை கிடையாது. வண்டியில் இருப்போரோ பழனிக்குச் செல்லும் அடியவரும், சந்தைக்குச் செல்லும் உழவருமாவர். அவர்கள் உரிய காலத்தில் ஊர் சேர்தல், ஓட்டுநர் பழுதறிந்து திருத்தும் திறனைப் பொறுத்தே அமைந்தது. ஆதலின் அத்திறனின் இயல்பை ஈண்டு ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நன்று.

பிணியும் மருந்தும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கை வகுக்கின்றது. வந்த பிணி இன்னது எனத் தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதனைத் தணிக்கும் வழியை ஓர்ந்து, பின்னரே மருந்து தருதல் வேண்டும் என்பது அவ்வொழுங்கு. மனித உடலுக்குரிய இம்முறை எந்திர உடலுக்கும் பொருந்தும். காரணம் அறியாது கண்ட ஆணியையெல்லாம் முடுக்குபவன், நாடி பாராது மருந்து கொடுக்கும் மருத்துவனை ஒப்பான்.

பெட்ரோலால் இயங்கும் எந்திரத்திற்கு இன்றியமையாதன நான்கு. எரிபொருள், காற்று, தீப்பொறி, உருளைக்குள் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை அழுத்தும் அழுத்தம் என்பன அவை. எந்திரம் இயங்க மறுப்பின் இந்நான்கனுள் ஒன்று குறைந்திருத்தல் வேண்டும். அறிவுடையோன் முதற்கண் எளியதை ஆராய்வான். தொட்டியில் பெட்ரோல் உளதா? தொட்டி மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டுளதா? குழாயின் வழியே பெட்ரோல் கார்புரேட்டரை வந்தடைகின்றதா? கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை மிகச் சிறியது. தொட்டியின் அடியிற் படிந்த துருவும் தூசும் ஒரு சிறு துகளாய் அங்குச் சென்று அடைப்பினும், பெரிய எந்திரம் அசைவற்று நின்றுவிடும்.

எரிபொருள் சரியாக வருமாயின் அடுத்துத் தீப்பொறியை ஆராய்தல் வேண்டும். தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி நோக்கினால் அதன் நிறமே எந்திரத்தின் உள்நிலையை உரைக்கும். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதியாகச் செல்கின்றது எனலாம். எண்ணெய்ப் பசை படிந்திருப்பின், தேய்மானத்தால் மசகெண்ணெய் உருளைக்குள் கசிகின்றது எனக் கொள்ளலாம். வெளிறிச் சுட்டது போலிருப்பின் வெப்பம் அளவு கடந்தது எனத் தெளியலாம். வெளிவரும் புகையும் இவ்வாறே பேசும். கரும்புகை எரிபொருளின் மிகுதியையும், நீலப்புகை மசகெண்ணெய் எரிதலையும், விடாது வரும் வெண்புகை உருளைக்குள் நீர் கசிதலையும் காட்டும்.

எந்திரம் அளவு கடந்து சூடேறுமாயின், வெப்பத்தைத் தணிக்கும் ரேடியேட்டரில் நீர் குறைந்துளதா, உவர்நீரால் உப்புப் படிந்து வழி அடைபட்டுளதா, விசிறியைச் சுழற்றும் பட்டை தளர்ந்துளதா என ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். நீர் கொதிக்கும்பொழுது மூடியைத் திறத்தல் ஆகாது. திறப்பின் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் சுட்டுவிடும். வண்டி ஆறும்வரை காத்திருக்கும் பொறுமையும் இக்கலையின் ஒரு பகுதியே.

ஊருக்கு ஊர் வண்டியின் பிணியும் வேறுபடும். மலையேறும் வண்டிக்கு வெப்பம் பகையாகும். தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பளங்களுக்கிடையே ஓடும் வண்டிக்கோ உப்புக்காற்றே பகையாகும். அக்கடற்கரையை அடுத்த சாயர்புரம் போன்ற ஊர்களில் நெடுநாள் உழைத்த குடும்பக் கார் ஒன்று ஒருநாட் காலையில் ஓசையின்றிக் கிடந்தால், பேட்டரியே கெட்டது எனத் துணிந்து புதியது வாங்க விரைதல் கூடாது. மின்கம்பி பூட்டிய முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பூத்த களிம்பே மின்னோட்டத்தைத் தடுத்திருத்தல் கூடும். கம்பியைக் கழற்றி, முனைகளைத் துடைத்துத் தூய்மை செய்து, இறுகப் பூட்டி, மேலே சிறிது கிரீசு தடவினால் வண்டி மீண்டும் உயிர் பெறும். சில காசில் தீரும் குறைக்குப் பல ஆயிரம் செலவிடுதல் அறியாமையின் விலையாகும்.

இவ்வாராய்ச்சியில் மறவாது போற்றத்தக்க விதி ஒன்று உண்டு. ஒரு பொழுதில் ஓர் உறுப்பையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், வண்டி ஓடினாலும் எக்குறை நீங்கியது என்பது விளங்காது; மறுமுறை அது நிற்கும்பொழுது பழைய இருளே சூழும். இக்காலக் கார்களில் எரிபொருளை அளந்து செலுத்தும் பணியை மின்னணுக் கருவிகள் செய்கின்றன. குறையைக் கணினியும் சுட்டுகின்றது. ஆயினும் காரணம் தேடும் ஒழுங்கு மாறவில்லை.

வளர்ச்சியும் கண்டுபிடிப்பும்

நாயுடுவின் ஒற்றைப் பேருந்து பலவாகப் பெருகி, யூ. எம். எஸ். எனச் சுருக்கமாக வழங்கப்பெற்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனமாயிற்று. செவ்விய பராமரிப்பிற்கும் ஒழுங்கிற்கும் அந்நிறுவனம் நாடெங்கும் பெயர் பெற்றது. ஓடும் வண்டியைத் திருத்தியதோடு அவர் உள்ளம் அமையவில்லை. குறையை முன்னரே காட்டும் கருவியையும் நாடியது. மோட்டார் வண்டியின் அதிர்வைச் சோதிக்கும் கருவி அவர் ஆக்கியவற்றுள் ஒன்றாகும்.

1930-களில் அவர் ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் சென்று தொழிற்சாலைகளைக் கண்டு வந்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி முதலியன அவர் அறிவின் விளைவுகள். 1937-ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடு என்னும் தொழில் வல்லுநரின் துணையோடு, பீளமேட்டில் இருந்த அவரது தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் வெளிவந்தது. கிணற்று நீரை ஏற்றத்தால் இறைத்த கொங்கு நாட்டு உழவர்க்கு, மின்மோட்டார்த் தொழில் கோவையில் வேரூன்றியது பெரும்பேறாயிற்று.

எளியோரும் கார் வைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது அவரது ஆசை. 1952-ஆம் ஆண்டில், இருவர் அமரத்தக்க சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். ஆனால் அதனைத் தொகுதியாக உற்பத்தி செய்வதற்கு வேண்டிய உரிமத்தை அரசு வழங்கவில்லை. எந்திரத்தின் குறைகளை எளிதில் தீர்த்த கைக்கு இத்தடையைத் தீர்க்கும் வழி கிட்டவில்லை. அக்கார் சாலையில் பெருகாமலே போயிற்று.

கல்விப் பணி

தாம் பெற்ற அறிவு தம்மோடு அழிந்துவிடலாகாது என்று கருதிய நாயுடு, இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளிப்பதில் பெரிதும் ஈடுபட்டார். 1945-ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் என்பாரின் பெயரால் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்கு அவரது கொடையும் முயற்சியும் காரணமாயின. அதன் முதல்வர் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

பொறியியல் கல்விக்கு நான்காண்டுகள் மிகை. கையால் செய்து கற்பித்தால் இரண்டாண்டுகளே போதும் என்பது அவரது உறுதியான கருத்து. உணவு விடுதியில் உழைத்துத் தம் பாடநூலைத் தாமே வாங்கியவர்க்கு, வறிய வீட்டு இளைஞன் ஒருவன் இழக்கும் ஓராண்டின் அருமை தெரியும். அரசு அக்கருத்திற்கு இசையவில்லை. கணக்கும் இயற்பியலும் வேரூன்றுவதற்கு ஆண்டுகள் சில வேண்டும் என்னும் எதிர்க்கருத்தும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் தாம் நம்பாத முறைக்குத் தலைமை தாங்குதல் தகாது எனக் கருதிய நாயுடு, தாம் வளர்த்த கல்லூரியின் பொறுப்பினின்று விலகினார். அக்கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு வேறிடத்தில் இயங்குகின்றது. அது முன்பு இருந்த பகுதியை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றனர். கல்லூரியினின்று விலகிய பின்னரும் நாயுடு குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளை ஊக்குவதில் சோர்வடையவில்லை.

மறைவும் நினைவும்

அறிவும் உழைப்பும் ஒருங்கே நிறைந்த நாயுடு 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் மறைந்தார். கோயம்புத்தூர் அவிநாசிச் சாலையில் 2025-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நெடிய மேம்பாலம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அச்சாலையிலேயே 2015-ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தார் நிறுவிய கார்க் காட்சியகமும் உள்ளது. பல நாடுகளில் பல காலத்தில் பிறந்த பழைய கார்கள் அங்குப் பழுது நீங்கிப் பொலிவோடு நிற்கின்றன.

வீட்டில் நின்றுபோன கடிகாரமும், ஓடாத மிதிவண்டியும், நீர் ஏற்றாத மோட்டாரும் மாணவர்க்கு வாய்த்த பாடநூல்களே. பெரியோர் துணையோடு, ஊறு நேராவண்ணம் மின்னிணைப்பை நீக்கிவிட்டு, அவை நின்றதற்குரிய காரணத்தை ஒவ்வொரு படியாக ஆராய்ந்து பழகுதல் வேண்டும். அவ்வாறு பழகும் இளைஞர் நாட்டில் பெருகுவதே, கலங்கல் ஈன்ற அவ்வறிஞர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.